அடையாறா, வியாசர்பாடியா: மக்கள் அடர்த்தியை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: சென்னையில் மருந்துக்கடை போட அடையாறு, வியாசர்பாடி இரண்டையும் பார்க்கிறேன். எங்கே ஜனம் அதிகம் என்று தேடினால், சென்னைக்கே ஓரிடத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர், இன்னோரிடத்தில் சுமார் 15,700 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். 26,553 என்பது 2011 கணக்கெடுப்பில் சுமார் 175 சதுர கி.மீ. கொண்ட பழைய சென்னை மாவட்டத்துக்கு வந்த எண். அதே ஆண்டில் அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியை 426 சதுர கி.மீ. ஆக்கினார்கள். ஏரியும் காலி மனையும் கூடவே வந்ததால் சராசரி இறங்கிவிட்டது. எந்தத் தெருவிலும் ஆள் குறையவில்லை.

பேட்டைக்குப் பேட்டை ஒப்பிடும்போதும் இதே சிக்கல்தான். அடையாறு மண்டலத்தை மொத்தமாக எடுத்தால் கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கி.மீ., ஐஐடி வளாகம் ஏறக்குறைய 2.5 என்று எல்லாம் கணக்கில் சேரும். மானும் ஆலமரமும் மாத்திரை வாங்காது! இந்த நிலப்பரப்பைக் கழியுங்கள். வளாகத்துக்குள் குடியிருப்பவர்களையும் கழியுங்கள். மிச்சமுள்ள மக்களை மிச்சமுள்ள பரப்பால் வகுத்தால் வருவதுதான் குடியிருப்புப் பகுதியின் அடர்த்தி. வியாசர்பாடியில் ரயில்வே நிலத்துக்கும் இதையே செய்யுங்கள். பரப்பளவு கிடைக்காவிட்டால் கூகுள் எர்த்தில் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டால் போதும்.

வார்டு எண்ணில் மட்டும் கவனம். 2011 கணக்கெடுப்பு பழைய 155 வார்டுகளின்படி நடந்தது. பிறகு அவை 107 ஆகச் சுருங்கி, புதிய பகுதிகளுக்கு 93 சேர்ந்து 200 ஆயின. எண்ணைப் பார்த்து எடுத்தால் வேறு ஊர்க் கணக்கு கைக்கு வரும். தெருப் பெயரை வைத்துத் தேடுங்கள்.

அப்புறம், கணக்கெடுப்பு சொல்வது குடியிருப்பவர்களை மட்டும்தான். பகலில் தி. நகர் ரங்கநாதன் தெருவில் நெரிபடும் கூட்டம் அதில் வராது. உங்கள் கடைக்கு மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கும் குடும்பங்கள்தான் முக்கியம் என்பதால் இது பெரிய குறை இல்லை.

ஆனால் 2011 எண் ரொம்பப் பழசு. நான் என்றால் கடை பார்த்திருக்கும் இடத்தைச் சுற்றி அரை கிலோமீட்டர் நடந்து, கட்டிடங்களில் ஈபி மீட்டர்களை எண்ணுவேன். கடை மீட்டர், பொது மீட்டரை விட்டுவிட்டால் எத்தனை குடும்பம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.