ஊதிய ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் – கேள்வி பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சங்கத்தின் இணைச் செயலாளராகப் பேச்சுவார்த்தைக்குப் போயும் இருக்கிறேன். அதற்கு முந்தைய காலத்தில், போய்வந்தவர்களைக் கேட்டில் நின்று திட்டியும் இருக்கிறேன். வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கு என்று இறங்கினால் வக்கீலையும் பாருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. 1947 தொழில் தகராறுச் சட்டமும் 1926 தொழிற்சங்கச் சட்டமும் அதற்குள் போய்விட்டன. ஆனால் நாம் இன்னும் பழைய சட்டத்தின் 12(3), 18(1) பிரிவுகளை வைத்து ‘பன்னெண்டு மூணு’, ‘பதினெட்டு ஒண்ணு’ ஒப்பந்தம் என்றுதான் பேசுகிறோம். அந்த இரண்டு வகை ஒப்பந்தமும் புதுச் சட்டத்திலும் உண்டு, பிரிவு எண்தான் வேறு. அதனால் பழைய பெயரிலேயே சொல்கிறேன்.

கேள்வி (ஆம்பூர், ஷூ கம்பெனி, தையல் லைன்): அண்ணா, மூணு வருஷ ஒப்பந்தம் போட்டாச்சுன்னு கேட் மீட்டிங்ல சொன்னாங்க. கையெழுத்து ஆனப்புறம்தான் எங்களுக்கே தெரியும். எங்களக் கேக்காம போட்டது செல்லுமா?

பதில்: செல்லும், தங்கச்சி. ஒப்பந்தத்தை உறுப்பினர்களின் ஓட்டுக்கு விட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பழைய சட்டமும் சொல்லவில்லை, புதுச் சட்டமும் சொல்லவில்லை. சங்க நிர்வாகி போட்டால் சங்கமே போட்ட மாதிரி. கோர்ட்டுக்குப் போனாலும் ஒப்பந்தத்தை மொத்தமாகத்தான் எடை போடுவார்கள். ‘போனஸ் சரி, இன்சென்டிவ் மட்டும் அநியாயம்’ என்று பிய்த்துப் பார்க்க முடியாது என்று ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970களிலேயே சொல்லிவிட்டது. மோசடி என்று நிரூபித்தால் கதை வேறு. அதை நிரூபிப்பதற்குள் அடுத்த ஒப்பந்தமே வந்துவிடும்.

சட்டம் தராததை உங்கள் சங்க விதி, அதாவது பைலா, தரலாம். ‘பேரவை (எல்லா உறுப்பினர்களும் கூடும் கூட்டம்) ஒப்புதல் இல்லாமல் ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது, வரைவைத் தமிழில், ஒரு வாரம் முன்னதாக உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும்’ என்று பைலாவில் திருத்தம் கொண்டுவாருங்கள். தீர்மானம் போட்டு, தொழிற்சங்கப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். பைலாவை மீறின நிர்வாகியைப் பேரவையில் நிறுத்திக் கேட்கலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது என்பது 2001 திருத்தத்திலிருந்தே இருக்கிறது. எத்தனை சங்கத்தில் தேர்தல் நடக்கிறது என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, இதற்குப் பைலாகூடத் தேவையில்லை. கோரிக்கைப் பட்டியலை மேனேஜ்மென்ட்டுக்குக் கொடுக்கும்போதே முகப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘பேச்சுவார்த்தையில் எட்டப்படும் எதுவும் பேரவை ஒப்புதலுக்கு உட்பட்டது.’ தலைவர்கள் இதைத் தங்கள் மேல் நம்பிக்கையில்லை என்று எடுத்துக்கொண்டு முறைப்பார்கள். உண்மையில் அது அவர்களுக்குத்தான் கவசம். ராத்திரி பதினோரு மணிக்கு எச்.ஆர். மேனேஜர் காபி கொடுத்து, ‘இன்னிக்கே முடிச்சுடலாம் சார், நாளைக்கு எம்.டி. ஜெர்மனி போறார்’ என்பார். ‘எனக்கு அதிகாரம் இல்லைங்க, ஜனங்களைக் கேக்கணும்’ என்று சொல்ல ஒரு தாள் கையில் இருந்தால், நல்ல தலைவர் வலுவாகிவிடுவார். சுமாரான தலைவரும் தப்பு செய்ய யோசிப்பார். எம்.டி. எங்கேயும் போகமாட்டார், அது வேறு விஷயம்.

கேள்வி (ராணிப்பேட்டை சிப்காட், ஆபரேட்டர்): தோழர், எங்க கம்பெனியில ரெண்டு சங்கம். அந்தச் சங்கம் 18(1) போட்டுது. நாங்க போடல. இப்ப ‘சம்மதம்னு எழுதிக் குடுத்தா அரியர்ஸ், இல்லன்னா இல்ல’ன்னு ஒவ்வொருத்தரா கூப்பிடறாங்க.

பதில்: 18(1) என்பது இரண்டு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது. போட்டவர்களைத்தான் கட்டும். அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லாதவரைக் கட்டாது. 12(3) என்பது தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில், சமரசப் பேச்சின் போக்கில் போடுவது. அது ஆலையில் உள்ள எல்லாரையும் கட்டும், நாளைக்குச் சேரப்போகிற பையனையும் சேர்த்து. அதனால்தான் மேனேஜ்மென்ட் பலமான சங்கத்தோடு 18(1) போட்டுவிட்டு, மிச்சப் பேரிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கும். கையெழுத்துப் போட்டால் நீங்களும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த மாதிரிதான். அதில் வேலைப்பளு ஏற்றம் இருந்தால் அதற்கும் சேர்த்து.

போடாதவர்களின் கோரிக்கை உயிரோடு இருக்கும். உங்கள் சங்கம் அதைத் தகராறாக எழுப்பி வேலூர் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அரியர்ஸ் வராமல் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள். நாற்பது பேர் சேர்ந்து போடாமல் இருந்தால் ஒரு பேச்சு. நாலு பேர் மட்டும் நின்றால் அந்த நாலு பேரைத்தான் ஷிப்ட் மாற்றுவார்கள்.

கேள்வி (வாலாஜா, உதிரிபாகக் கம்பெனி): ‘ஆறாயிரம் வாங்கித் தந்தோம்’னு பேனர் கட்டிட்டாங்க. கைக்கு வந்தது மூவாயிரம்தான். ஏமாத்திட்டாங்களா சார்?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, பேனரில் பாதியை எழுதவில்லை. பெரும்பாலும் முதல் வருடம் பாதி, அடுத்த இரண்டு வருடம் கால் கால் என்று பிரிப்பார்கள். மூன்று வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். முதல் வருடம் 3,000 வீதம் 36,000. இரண்டாம் வருடம் 4,500 வீதம் 54,000. மூன்றாம் வருடம் 6,000 வீதம் 72,000. மொத்தம் 1,62,000. முதல் நாளிலிருந்தே ஆறாயிரம் என்றால் 2,16,000 வந்திருக்கும். அதே ‘ஆறாயிரம்’தான், 54,000 வித்தியாசம். ஆகவே ‘எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். ‘எந்த மாசத்திலிருந்து, எந்தத் தலைப்பில், எத்தனை வருஷத்துக்கு’ என்று கேளுங்கள்.

தலைப்பு முக்கியம். அடிப்படைச் சம்பளத்திலோ பஞ்சப்படியிலோ ஏறினால் கிராஜுவிட்டியில் பேசும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்பது கடைசிச் சம்பளத்தின் 15/26 பங்கு, அதைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். அடிப்படையில் ஆயிரம் கூடினால், இருபது வருடம் சர்வீஸ் உள்ளவருக்குப் பணிக்கொடையில் 11,500 ரூபாய்க்கு மேல் கூடும். அதே ஆயிரத்தைச் ‘சிறப்புப் படி’, ‘வருகை ஊக்கத்தொகை’ என்று போட்டால் அந்தப் பலன் குறையலாம், இல்லாமலும் போகலாம். புதுச் சட்டத்தில் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளக் கணக்கில் சேரும் என்று இருக்கிறது. பாதிக்குள் இருக்கும் வரை அந்த விதி உங்களுக்கு உதவாது. பி.எஃப்.? 15,000 உச்சவரம்போடு நிறுத்திக் கட்டுகிற கம்பெனியில், உங்கள் சம்பளம் ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்தால் ஒன்றும் மாறாது.

காலத்தையும் கவனியுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 2022-ல் 14-ஆவது ஊதிய ஒப்பந்தம் போட்டபோது, மூன்று வருடமாக இருந்தது நான்கு வருடம் ஆனது. அதற்காகவே சில சங்கங்கள் கையெழுத்துப் போட மறுத்தன. ஒரு வருடம் தள்ளிப்போனால் அடுத்த உயர்வும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த நஷ்டம் எந்தப் பேனரிலும் வராது.

கடைசிப் பக்கத்தில் ஒரு ஷரத்து இருக்கும். ‘நிர்வாகம் அவ்வப்போது கொண்டுவரும் மாற்றங்களுக்குத் தொழிலாளர்கள் முழு ஒத்துழைப்பு தருவார்கள்.’ பூஜை முடிந்து சூடம் காட்டுகிற மாதிரி எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். பழைய 9ஏ பிரிவுப்படி ஷிப்ட் முறை, வேலை நேரம், ஒரு பிரிவின் ஆள் எண்ணிக்கை போன்றவற்றை மாற்ற 21 நாள் நோட்டீஸ் வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தின்படி செய்யும் மாற்றத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை. அந்த ஒரு வரியைக் காட்டித்தான் நாளைக்கு மூன்று மெஷினுக்கு ஒரு ஆள் என்பார்கள். எந்த மெஷின், எத்தனை ஆள், மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதாமல் ‘ஒத்துழைப்பு’ என்ற சொல்லையே உள்ளே விடாதீர்கள்.

கேள்வி (மேல்விஷாரம், தோல் பதனிடும் ஆலை): அரியர்ஸ்ல பத்து பர்சென்ட் சங்கத்துக்குப் பிடிச்சுட்டாங்க. கணக்குக் கேட்டா ‘கட்சிக்காரன்’ங்கறாங்க.

பதில்: லெவி பிடிப்பது பல சங்கங்களில் வழக்கம். பேரவைத் தீர்மானமும் உங்கள் எழுத்துச் சம்மதமும் இருந்ததா என்று பாருங்கள். சங்கக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை சாதாரண உறுப்பினருக்கும் உண்டு. 1926 சட்டத்திலேயே இருந்தது, இப்போதும் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் பதிவாளருக்குக் கணக்கு அனுப்பினார்களா என்பதையும் கேட்கலாம்.

கேள்வி (வாணியம்பாடி, ஷூ கம்பெனி): எங்க கம்பெனியில சங்கமே இல்ல சார். ‘ஒர்க்ஸ் கமிட்டி’ன்னு சூப்பர்வைசருக்கு வேண்டிய பொண்ணுங்கள வெச்சு, ‘சம்பளம் பேசியாச்சு’ங்கறாங்க.

பதில்: ஒர்க்ஸ் கமிட்டி கேன்டீன், கழிப்பறை, தண்ணீர், அன்றாட உரசல்கள் பேசத்தான். சம்பளம் மாதிரி பெரிய விஷயங்களைச் சங்கத்துக்குப் பதிலாகப் பேசி முடிக்க அதற்கு அதிகாரம் இல்லை என்று நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் 1960-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்திலும் இதே பிரச்சினை வந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களை விட்டுவிட்டு நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு போட்டது. சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது.

பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். கூடவே ஆலையில் வேலை செய்பவர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அது. வேலைக்கு வரும் பஸ்ஸிலேயே அந்த எண்ணிக்கை இருக்கும். ஆனால் பட்டியலைப் பஸ்ஸில் வைத்து எழுதாதீர்கள்.

கேள்வி (சிப்காட், முன்பு கேட்டவரின் நண்பர்): புதுச் சட்டத்துல 51 சதவீதம்னு ஏதோ கீதாமே, சின்ன சங்கமெல்லாம் காலியா?

பதில்: மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் ஆள் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீத ஆதரவு ஒரு சங்கத்துக்கு இருந்தால், அது மட்டுமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு அமையும். 20 சதவீத ஆதரவுக்கு ஒரு பிரதிநிதி. அங்கீகாரம் மூன்று வருடம், ஒத்துக்கொண்டால் ஐந்து வருடம் வரை.

இந்தச் சட்டம் வரும் வரை தமிழ்நாட்டில் சங்க அங்கீகாரத்துக்குச் சட்டமே இருந்ததில்லை. முதலாளிகளும் சங்கங்களும் ஒத்துக்கொண்ட 1958 ஒழுக்க நெறிதான் இருந்தது, அதுவும் கட்டாயமில்லை. அதனால் சட்டம் வந்தது ஒருவகையில் நல்லது. எனக்குக் கவலை வேறு. 51 வாங்கிய சங்கத்தின் தலைவர் அடுத்த மூன்று வருடம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிடுவார். முதல் கேள்வியில் சொன்ன பைலா திருத்தம் முன்பைவிட இப்போதுதான் அவசரம். சின்னச் சங்கத்தில் இருப்பவர்கள் கொடியைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்பதா, உள்ளே போய் ஓட்டுப் போட்டுக் கேள்வி கேட்பதா என்று யோசியுங்கள். நான் உள்ளே போகச் சொல்கிற கட்சி. பழைய தோழர்கள் என்னோடு சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

கேள்வி (பேரணாம்பட்டு, பீடி): ஐயா, ஆயிரம் பீடிக்குக் கூலி ஏத்தினாங்க. ஆனா இலைய குறைச்சுட்டாங்க, சரியில்லன்னு ஒதுக்கற கழிவு பீடியும் ஜாஸ்தி. ஏத்தி இன்னா பிரயோஜனம்?

பதில்: சங்கம் கூலியை மட்டும் பேசிவிட்டு இலை எடையை விட்டுவிட்டது, அதுதான் குறை. குறைகிற இலையைக் கடையில் உங்கள் காசில் வாங்கித்தானே சுற்றுகிறீர்கள்? அதைக் கழித்தால் ஏற்றம் எங்கே போனது என்று தெரியும், அம்மா. அடுத்த பேச்சில் ஆயிரத்துக்கு எத்தனை கிராம் இலை, எத்தனை கிராம் தூள், கழிவுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று மூன்றையும் கூலியோடு ஒரே தாளில் எழுத வேண்டும். 1966 பீடித் தொழிலாளர் சட்டமே மூலப்பொருள், கழிவுத் தகராறுக்குத் தனி வழி வைத்திருந்தது. புதிதாக நாம் ஒன்றும் கேட்கவில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம்): எங்க செயலாளர் காசு வாங்கிட்டார்னு எல்லாருக்கும் தெரியும். எப்படி மாட்ட வைக்கறது?

பதில்: ‘எல்லாருக்கும் தெரியும்’ என்றால் யாரிடமும் தாள் இல்லை என்று அர்த்தம். அவர் மகளுக்குச் சீட்டு, தம்பிக்கு லாரி கான்ட்ராக்ட் என்று பேசிக்கொண்டே இருந்தால் மேனேஜ்மென்ட்டுக்குத்தான் கொண்டாட்டம். காசு வாங்காமலே, பயத்திலும் களைப்பிலும் மோசமான ஒப்பந்தம் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஷரத்தைப் பிடித்துக் கேளுங்கள்: இதை ஏன் விட்டுக்கொடுத்தீர்கள், பதிலுக்கு என்ன வாங்கினீர்கள்? பேச்சுவார்த்தைக்கு எப்போதும் இரண்டு பேருக்குக் குறையாமல் போக வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பு எழுதிப் போர்டில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். காசு வாங்குகிறவருக்கு அதைவிடத் தொல்லை கிடையாது.

கேள்வி (காட்பாடி): பழைய ஒப்பந்தம் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. தலைவருங்க ‘பேசிட்டுக் கீறோம்’ங்கறாங்க. எல்லாரும் ஒரே நாள் லீவு போட்டா?

பதில்: அவசரப்படாதீர்கள். காலம் முடிந்தாலும் பழைய ஒப்பந்தம் தானாகச் சாகாது. முடித்துக்கொள்வதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆக வேண்டும். அந்த நோட்டீஸைக் கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் ‘பேசிட்டுக் கீறோம்’ என்பதில் சாரம் இல்லை.

கூட்டு லீவு முன்பு ஒரு தந்திரம். புதுச் சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாள் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் வேண்டும், இப்போது எல்லா ஆலைக்கும். சமரசப் பேச்சு நடக்கும்போது இறங்கினாலும் சட்டவிரோதம், ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை அபராதம் இருக்கிறது. எனவே முதலில் பேரவையைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடத்துங்கள். எத்தனை பேர் கேட்டால் கூட்டியாக வேண்டும் என்று பைலாவில் இருக்கும். ஒப்பந்தம் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் இந்த எட்டு மாச அரியர்ஸ்தான் முதலில் போகும்.