32 லட்சமும் ஒரு பிரசவ வார்டும்

வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் கட்டினால்தான் சீட்டை நிறுத்தி வைப்பார்களாம். குமாரபாளையத்தில் எட்டுத் தறி ஓட்டும் ஓர் அப்பா போன வாரம், பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழி சொல்லும் என் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்னார். பக்கத்தில் அம்மா, அவருக்குப் பக்கத்தில் தாய்மாமன், ஓரமாகப் பொண்ணு. நீட் இரண்டாவது முறை, 720-க்கு 318. ஜார்ஜியா நாட்டில் ஆறு வருஷ டாக்டர் படிப்பு, ஹாஸ்டல், இந்தியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 லட்சம் என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்த தாளை மாமா மேஜையில் விரித்தார். "எப்படியாச்சும் பாப்பாவ டாக்டராக்கிப் போடோணுங்க மேடம்" என்றார் அப்பா. நான்கு தறியை விற்றுவிட்டு, வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாம் என்பது திட்டம்.

முதல் அஞ்சு நிமிஷம் நானும் வழக்கம்போல ஆறுதல்தான் சொன்னேன். மார்க் குறைந்தால் உலகம் முடிந்துவிடாது, குழந்தை கஷ்டப்பட்டுப் படித்திருக்கிறாள், இப்படி. பிறகு பத்திரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஐயா, நேரிலே பாதிதான் பேச முடிந்தது, மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதோ. மாமாவும் படிக்கட்டும்.

ஏஜென்டின் தாளில் இல்லாத கணக்கு இது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் இங்கே நேராக போர்டு மாட்ட முடியாது. 2021-இல் வந்த விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. என்கிற தேர்வு, அதில் தேறிய பிறகு இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. அந்தத் தேர்வு 300 மார்க், தேற 150 வேண்டும். சமீப ஆண்டுகளில் பல முறை, எழுதியவர்களில் ஐந்துக்கு ஒருவர் அளவில்தான் தேறியிருக்கிறார்கள். தேறாதவர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அந்த வருஷங்களிலும் பேங்க் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். போய் நன்றாகப் படித்து வந்து ஜம்மென்று இருக்கிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு தறி போனால் வீட்டில் பாதி வருமானம் போகிறது. கடன் வாங்கித்தான் இந்தப் படிப்பு என்றால் நான் சம்மதிக்கவே மாட்டேன். இதில் வளைந்து கொடுக்க எனக்கு இடமில்லை.

இன்ஜினீயரிங், அக்ரி, பார்மசி எல்லாம் உங்களுக்கே தெரியும், மாமாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

உங்கள் மூவரையும் வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பாப்பாவிடம் தனியாகப் பேசினேன், நினைவிருக்கிறதா? டாக்டரானால் என்ன பார்ப்பாய் என்று கேட்டேன். இதயம், மூளை என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அக்கா பிரசவத்தைச் சொன்னாள். அரசு ஆஸ்பத்திரி வார்டில் அக்காவுக்குத் துணையாக மூன்று நாள் இருந்திருக்கிறாள். "ஒரு சிஸ்டர் வந்து குட்டிப்பாப்பாவோட வயித்தையே உத்துப் பாத்துட்டு நின்னாங்க மேடம். கையில வாட்ச். ஒரு நிமிசம் முழுசா மூச்சை எண்ணுனாங்க. நாங்க எல்லாரும் கறுப்பா, செவப்பா, யாரு மாதிரி இருக்குதுன்னு பேசிட்டு இருந்தோம். அவங்க மட்டும் எண்ணிட்டு இருந்தாங்க."

இரண்டு வருஷம் நீட் கோச்சிங்கில் அவளை யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் இது.

பாப்பா பார்த்தது சாதாரண விஷயம் இல்லை. பிறந்த குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. வேகமாக வரும், கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். அதனால் முழு நிமிஷம் எண்ண வேண்டும். 60-ஐத் தாண்டினால் மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் தாண்டினால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால், டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்தச் சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் நர்ஸ், முப்பது வருஷம் லேபர் வார்டிலேயே இருந்தவர், ஒரு முறை என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு குழந்தையை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்துக் காட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உச்சிக்குழியில் விரலை வைத்தார்: குழிந்திருந்தால் உடம்பில் நீர் குறைவு, புடைத்திருந்தால் வேறு விபரீதம். தலையில் ஒரு வீக்கம் இருந்தது. பாட்டி பயந்து போயிருந்தார். மண்டை எலும்புகள் சேரும் கோட்டைத் தாண்டி வீக்கம் பரவியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். தாண்டியிருந்தால் பிரசவத்தில் அழுந்திய வீக்கம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். கோட்டோடு நின்றால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, வடிய வாரக்கணக்காகும், மஞ்சள் காமாலை கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு விரல் தடவலில் இந்தப் பாட்டிக்குச் சொல்லும் பதிலே மாறிவிடுகிறது.

பிறகு கண்ணில் டார்ச். வாய்க்குள் சுண்டுவிரல்: அண்ணத்தில் பிளவு இருக்கிறதா, குழந்தை இழுத்துச் சப்புகிறதா. தொடை இடுக்கில் நாடி. அது தென்படாவிட்டால் இதயத்திலிருந்து வரும் பெரிய குழாயில் குறுகல் இருக்கலாம். இரண்டு தொடையையும் மடக்கி மெதுவாக விரித்தார், இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று பார்க்க. திருப்பிப் போட்டு முதுகுத்தண்டு, ஆசனவாய். இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு ஒன்று. "அடிபட்டிருச்சா சிஸ்டர்?" என்று பாட்டி கேட்டார். நம் குழந்தைகளில் நிறையப் பேருக்கு அப்படி இருக்கும், தானாக மறையும் என்றார். அதே மூச்சில் பாட்டியின் கையிலிருந்த சீனித்தண்ணிக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். சேனை வைக்க வேண்டும், பிறந்ததும் நாக்கில் இனிப்புத் தொட்டு வைப்பதுதான் வழக்கம் என்று பாட்டி முனகினார். "ஆறு மாசத்துக்கு அம்மா பால் மட்டும்தான் பாட்டி. சேனைக்கு ஒரு முத்தம் குடுங்க, போதும்." பாட்டி சிரித்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் அவர் திரும்பியதும் கிண்ணம் திரும்பி வந்திருக்கும்.

இந்த வேலைக்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தையை ஆரோக்கியமானது என்று உறுதியாகச் சொல்ல, நல்லதையே நூற்றுக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாவது நிமிஷத்திலும் மார்க் போடுவார்கள். அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் கொண்டுவந்த முறை. இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், சுணக்கமில்லாத எதிர்வினை, நிறம், ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், மொத்தம் 10. கையும் காலும் கொஞ்ச நேரம் நீலமாகவே இருக்கும் என்பதால் முதல் நிமிஷத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் குழந்தை அபூர்வம். (நீட் மார்க்கை நினைத்து அழுத பாப்பாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.)

முதல் ஒரு மணி நேரம் இன்னும் முக்கியம். துடைத்து, அம்மாவின் நெஞ்சில் நேரடியாகப் படுக்க வைப்பது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிஷம் பொறுப்பது. முதல் பாலை அந்த மணிக்குள்ளேயே கொடுக்க வைப்பது. பிறகு வைட்டமின் கே ஊசி 1 மில்லிகிராம், எடை, காலில் அடையாளப் பட்டை. குழந்தை சரியாகப் பால் குடிக்கிறதா என்று பார்க்கவே நான்கு அடையாளம் இருக்கிறது: வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் ஒட்டியிருக்கிறதா, கருவட்டம் கீழே மறைந்து மேலே தெரிகிறதா. முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால் அது அவசரம். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லும் பக்கத்து வீட்டு அத்தையை அந்த நேரத்தில் நம்பக் கூடாது. முதல் வாரத்தில் எடை குறைவது இயல்பு, பத்து சதவீதத்தைத் தாண்டினால் இயல்பில்லை. பிறந்த குழந்தையின் மார்க்காம்பு வீங்கியிருந்தால் பிதுக்கிப் பால் எடுக்கிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அதைத் தடுக்கிறதும் இவர்கள் வேலைதான்.

இதற்குப் பாப்பா போக வேண்டிய வழி: பி.எஸ்சி. நர்சிங், நான்கு வருஷம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்து அரசுக் கலந்தாய்வு. பாப்பாவின் உயிரியல் மார்க்குக்கு அரசுக் கல்லூரியே எட்டலாம். அங்கே வருஷக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். படித்து முடித்தால் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயின்றவர்) என்று இரண்டாகவும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்வார்கள். பிறகு லேபர் வார்டில் அனுபவம். அதன் பிறகு வருவதுதான் யாரும் உங்களிடம் சொல்லாத படிப்பு: நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி, 18 மாதம். 2018 டிசம்பரில் மத்திய அரசு மிட்வைஃபரி சேவைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு இதைத் தொடங்கியது. சிக்கலில்லாத பிரசவத்தையும், பிறந்த குழந்தையையும் மிட்வைஃபே பொறுப்பேற்றுப் பார்க்கும் தனிப் பிரிவுகள் வைப்பதுதான் நோக்கம். தெலங்கானா அதற்கு முன்பே, 2017-இல், ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை அமைப்போடு சேர்ந்து பயிற்சி தொடங்கிவிட்டது. பிரிட்டனில் பிறந்த 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய முழுப் பரிசோதனையைத் தனிப் பயிற்சி பெற்ற மிட்வைஃப்களே செய்கிறார்கள்.

இது ஏன் நமக்குத் தேவை? தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியாரில் 60-ஐத் தாண்டுகிறது. பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் குறைந்துபோனதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. இந்த 18 மாதப் படிப்பு நடக்கும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் அரசுப் பணியில் இருக்கும் நர்ஸ்களுக்குத்தான் இடம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் சேர்ந்த நர்ஸ்கள் தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக நின்று, பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளில் சம்பளம் கேவலம், சொன்னால் வாய் வலிக்கும். அதனால் நான் சொல்லும் குறி எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வு. மாத அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. நான்கு வருஷமும் அதைக் கண்ணில் வைத்துப் படிக்கட்டும். அரசுச் சீட்டு கிடைக்காமல் தனியார் கல்லூரிதான் என்றால், இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, மாணவிகள் எந்த ஆஸ்பத்திரி லேபர் வார்டுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். பிரசவமே நடக்காத ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மாமா ஒரு வார்த்தை சொன்னார்: "பேர் பாக்கறதுக்கு டாக்டர்னா ஒரு மாதிரி, பிரசவம் பாக்கறவன்னா ஒரு மாதிரி." அவர் முழுதாகச் சொல்லவில்லை, நானும் அவரை முடிக்க விடவில்லை. மருத்துவச்சி வேலையை ஒரு சாதிப் பெண்கள் தலையில் கட்டி, அவர்கள் கையால் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவர்களைத் திண்ணையோடு நிறுத்திய ஊர்தான் நம்முடையது. அந்த வெட்கம் யாருக்கு வர வேண்டும் என்று மாமா யோசிக்கட்டும். கல்யாணச் சந்தையில் நர்ஸ் பொண்ணுக்கு மதிப்பில்லை என்ற பேச்சும் வந்தது. அதற்குப் பதில் சொல்வது என் வேலை இல்லை. பாப்பாவுக்கு இன்னும் பதினெட்டு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அவளிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன். ரத்தம், மலம், இரவுப் பணி, கத்துகிற சொந்தக்காரர்கள், சில நாள் அழாத குழந்தை. இதெல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலை. சம்மதமா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியரிடம் பேசி ஒரு வாரம் கூடவே இருந்து பார்த்துவிட்டுச் சொல் என்றேன். வேண்டாம் என்று சொன்னால் வேறு வழி யோசிப்போம். அப்போதும் ஜார்ஜியா இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் போன் வந்தது. கலந்தாய்வு விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்று பழசு செல்லுமா என்று கேட்டார். விண்ணப்பக் குறிப்பில் என்னென்ன சான்று கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏனுங் மேடம், மச்சான் நேத்தே 10,000 குடுத்துப்போட்டாருங். திருப்பிக் கேட்டாக் குடுப்பாங்களா?" என்றார்.

ரசீது இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுதானுங் இல்லை."