பத்து சதுரத்துக்குள் (ஆயிரம் சதுர அடி), லோன் போட்டுக் கட்டும் வீட்டை ஏசி இல்லாமலே தாங்கும்படி கட்ட முடியுமா? சிறிய ஆர்க்கிடெக்ட்கள் என்ன செய்கிறீர்கள்?

முடியும். கேள்வியின் கீழே "எந்த மெட்டீரியல் வாங்கினால் வீடு குளிர்ச்சியாக இருக்கும்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மெட்டீரியலை அப்புறம் பார்க்கலாம். பணத்தை எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

மதுரைக்கு வெளியே மூன்று பேர் இருக்கும் அலுவலகம் எங்களுடையது. வருபவர்களில் பெரும்பாலானோர் மூன்று சென்ட் மனையில் எட்டு, ஒன்பது சதுரம் கட்டுபவர்கள். ஆரம்பத்தில் செய்த ஒரு வீட்டைச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் வீடு. படித்த வித்தையையெல்லாம் அதில் இறக்கினேன். சுவர் முழுக்க 'ரேட் ட்ராப்' (எலிப்பொறி) கட்டு: செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் மூன்று அங்குலம் பொந்து விட்டுக் கட்டுவது. ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கேரளா முழுக்கப் பரப்பிய முறை. ஒன்பது அங்குலச் சுவருக்கான செங்கல்லில் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும், உள்ளே இருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். எல்லாம் சரியாகத்தான் போனது. பூச்சு, டைல்ஸ், கதவு, எலிவேஷன் (முகப்பு அலங்காரம்) என்று முடித்து கிரகப்பிரவேசத் தேதி குறித்தபோது கையில் காசு இல்லை. "மொட்டை மாடிக்கு மேல ஓடு அடுத்த வருஷம் ஒட்டிக்கலாம் தம்பி" என்றார். நானும் தலையாட்டினேன்.

மே மாதம் போன் வந்தது. "இங்க படுக்க முடியல. உங்க வீட்டுக்கு வந்து படுத்துக்கவா தம்பி?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

தப்பு என்னுடையது. மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெயிலை வாங்குவது சுவரைவிட மொட்டை மாடிதான். ஐந்து அங்குல காங்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப்போகும் நேரத்தில் கீழே இறக்கும். இரவு பத்து மணிக்கு ஃபேன் போட்டால் அனல் அடிப்பது அதனால்தான். கூரைக்கு மேல் ஒன்றுமே செய்யாமல் சுவரில் வித்தை காட்டுவது, தலையை வெயிலில் விட்டுவிட்டு காலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி.

மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு (யூ மதிப்பு) 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் காங்கிரீட் தளத்துக்கு இது மூன்றுக்கும் மேல். ஆனால் 2018-ல் வந்தபோது அந்த விதி 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் இருந்தது, அதாவது சுமார் பன்னிரண்டு சென்ட்டிலிருந்து. என்னிடம் வருபவர்களில் ஒருவர்கூட அதில் வரமாட்டார்.

அதன் பிறகு எஸ்டிமேட் போடும் விதத்தையே மாற்றிவிட்டோம். மொட்டை மாடிக்கு மேல் போடும் வெப்பத் தடுப்புக்கான தொகை முதல் பக்கத்தில் தனியாக இருக்கும். காங்கிரீட் ஆறி, கைப்பிடிச் சுவர் ஏறியதும் அந்த வேலைதான். உள்ளே டைல்ஸ் அதற்குப் பிறகு. காசு தீர்ந்தால் எலிவேஷனும் ஃபால்ஸ் சீலிங்கும் காத்திருக்கட்டும். இதைச் சொன்னதும் எழுந்து போனவர்கள் உண்டு. தெருவில் தெரியாத வேலைக்கு ஏன் முதலில் பணம் என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

என்ன போடுவது? செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து நாலு அங்குலம் கொட்டி, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிக்கும் பழைய முறை இன்றும் நல்லதுதான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். இப்போது அப்படித் தட்ட ஆள் இல்லை, சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைப் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் ஆள் கிடைத்தால் சுண்ணாம்பு, இல்லாவிட்டால் சிமெண்ட் கலந்த ஜல்லி. மேலே மட்டும் கட்டாயம் வெள்ளை கூலிங் டைல்ஸ். சிவப்புத் தட்டோடு பார்க்க அழகு, ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்புவதில் வெள்ளைதான் கெட்டி.

அடுத்தது மேற்குச் சுவர். இங்கே வாஸ்துவோடு ஒரு சின்ன மல்லுக்கட்டு. பெரிய படுக்கையறை கன்னி மூலையில் வேண்டும் என்பார்கள். தென்மேற்கு! மாலை வெயில் முழுவதும் இறங்கும் இடம். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். அறையை அங்கேயே வைத்து, மேற்குச் சுவரை மட்டும் ரேட் ட்ராப்பில் கட்டி, உட்புறம் முழுக்க அலமாரியை நிறுத்திவிடுகிறேன். ஜன்னல் தெற்கில். வீடு முழுக்க ரேட் ட்ராப் செய்வதில்லை. ஒரே அளவான சேம்பர் (அறைச் சூளை) செங்கல் கிடைக்க வேண்டும், மேஸ்திரிக்கும் பொறுமை வேண்டும். வயரிங் பைப்புக்காகச் சுவரை வெட்டும் எலக்ட்ரீஷியன் உள்ளே பொந்தைப் பார்த்துப் பயந்து, சிமெண்டை அள்ளித் திணித்துவிடுவார். பைப் எங்கே போகிறது என்று கட்டும்போதே குறித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஜன்னல்: ஸ்லைடிங் வேண்டாம். எவ்வளவு அகலமாக வைத்தாலும் பாதிதான் திறக்கும். அப்புறம் கொசுவலை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தால், வெளியே காற்று குளிரும் நேரத்தில் வீடு மூட்டம் போட்டுவிடும். இன்னொன்று: ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். 'நண்பகலில் வடக்கில் வெயிலே வராது' என்பதெல்லாம் டெல்லிக்காரர்களுக்கு.

ஏசி வேண்டாம் என்று யாரிடமும் சொல்வதில்லை. ஒரு அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மின்கணக்கு 500 யூனிட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் நான் வைக்கும் குறி. அதைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குப் போய்விடுவீர்கள். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட் சுமாருக்கு ஓடும். நாலு ஃபேன் மாற்றினால் பில்லில் தெரியும். சோலாரை நான் கடைசியில்தான் பேசுவேன்.

ஃபீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டுமானச் செலவில் சதவீதம் வாங்கினால், செலவைக் குறைக்கக் குறைக்க என் வருமானமும் குறையும். அதனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். பெரிய வருமானம் இல்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு பெரிய வீடுகள் வந்தால்தான் வாடகை நிம்மதி.

ஏற்கெனவே கட்டிவிட்டேன் என்பவர்களுக்கு: கண்டக்டர் ஐயா வீட்டில் அந்த மே மாதம் செய்ததையே செய்யுங்கள். மாடியைக் கூட்டிக் கழுவிக் காயவிடுங்கள். சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிக்கால் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு கை பூசுங்கள். மறுநாள் நாலு மணிக்கு, பூசிய இடத்திலும் பூசாத இடத்திலும் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் பெரும்பாலும் கரைந்து போகும், பங்குனியில் மறுபடி பூச வேண்டும். மழை நாளில் வழுக்கும், துணி காயப்போடப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.