சி.ஆர். 1009 சப்-1 மரபணு மாற்று நெல்லா? மூழ்கியும் பிழைத்தது எப்படி?

கேள்வி: நாகை மாவட்டம் கீழையூர் பக்கம் சம்பா சாகுபடி செய்கிறேன். சி.ஆர். 1009 சப்-1 நடவு செய்த வயல், மழையில் ஒன்பது நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்ததும் துளிர்த்துவிட்டது. அடுத்த வரப்பில் இருந்த பழைய சி.ஆர். 1009 அழுகிப்போனது. ஆனால் அதே சப்-1 விதையை நேரடியாக விதைத்த இன்னொரு வயலில், விதைத்த மூன்றாம் நாள் தண்ணீர் கட்டி முளைப்பே இல்லாமல் போய்விட்டது. ஊரில் சிலர் இது மரபணு மாற்று நெல், விதை எடுத்து வைக்கக் கூடாது என்கிறார்கள். உண்மை என்ன? மரபணுவைப் படித்துச் சொல்கிறார்களே, அதனால் நமக்கு என்ன பயன்?

பதில்: முதலில் உங்கள் மனக்கவலையைத் தீர்த்துவிடுகிறேன். சி.ஆர். 1009 சப்-1 மரபணு மாற்றுப் பயிர் அல்ல. நெல்லோடு நெல்லைக் கலந்து எடுத்த ரகம். இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு மரபணு திருத்திய நெல் ரகங்களும் வேறு வகை; உங்கள் நெல்லுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் நெல்லுக்குள் இருக்கும் வெள்ளம் தாங்கும் சக்தி ஒடிசா விவசாயிகளுடையது. அங்கே வெள்ளக்காட்டில் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம், இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். ஆனால் விளைச்சல் குறைவு, சோறும் சுமார். அதை நல்ல ரகங்களோடு கலந்து பார்த்தபோதெல்லாம், வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்தன. எந்த மரபணு தேவை என்று தெரியாமல் கலந்தால் அப்படித்தான் ஆகும்.

1996-ல் ஆராய்ச்சியாளர்கள் கெனாங் சூ, டேவிட் மெக்கில் இருவரும் அந்தக் குணம் நெல்லின் 9-ஆம் குரோமோசோமில் (மரபணுக்கள் வரிசையாக அமைந்த இழை) ஓரிடத்தில் இருப்பதாகக் காட்டினார்கள். அந்த இடத்துக்குத்தான் சப்-1 என்று பெயர். பத்து ஆண்டு கழித்து, 2006-ல், பமீலா ரொனால்டு உள்ளிட்ட குழுவோடு சேர்ந்து, அதற்குள் சப்-1ஏ என்ற மரபணுதான் வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்தினார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2005-ல் நெல்லின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து முடித்தார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்த பணி, இந்தியாவும் 11-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைப் படித்துக் கொடுத்தது. 12 குரோமோசோம்கள், சுமார் 39 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். நெல்லில் படிக்க எடுத்துக்கொண்டது நிப்போன்பாரே என்ற ஜப்பானிய ரகம். அந்த ரகத்தில் சப்-1ஏ கிடையவே கிடையாது! அதே இடத்தில் பக்கத்து மரபணுக்களான சப்-1பி, சப்-1சி இருக்கின்றன. வேண்டியது மட்டும் இல்லை. அந்த ஒரு வாசிப்பை மட்டும் கையில் வைத்திருந்தால், இன்று உங்கள் வயலைக் காப்பாற்றிய மரபணு கண்ணிலேயே பட்டிருக்காது. ஒடிசா நெல்லின் வழிவந்த விதையிலிருந்து அந்தப் பகுதியைத் தனியாகப் படித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு ரகத்தைப் படித்தால் நெல்லைப் படித்ததாகாது என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. 2014-ல் 3,000 நெல் ரகங்களின் மரபணுத் தொகுதியை வெளியிட்டதற்கும் இந்தத் தேவைதான் காரணம். பாரம்பரிய விதையைக் கைவிடாதீர்கள் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வதும் இதனால்தான்.

இடம் தெரிந்த பிறகு வேலை சுலபமாயிற்று. கலப்பினக் கன்றுகளின் இலையில் ஒரு துண்டு எடுத்து, சப்-1 பகுதி வந்திருக்கிறதா என்று நாற்றிலேயே பார்க்கலாம். வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப சி.ஆர். 1009-உடனேயே கலந்தார்கள். கடைசியில் மிஞ்சுவது சப்-1 சேர்ந்த அதே சி.ஆர். 1009. வடக்கே ஸ்வர்ணா என்ற ரகத்திலிருந்து ஸ்வர்ணா சப்-1 வந்ததும் இப்படித்தான். அது 2009-ல் வெளியானது.

இனி, பழையது ஏன் அழுகியது? மூழ்கிய பயிருக்குள், பயிரே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் சேரும். அதன் தூண்டுதலால் சாதாரண நெல் உடனே தண்ணீருக்கு மேலே தலையை நீட்டப் பார்க்கும். இலையும் தண்டும் நீளும், சேமித்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீரும். வடிந்ததும் வெளுத்த நூலாகச் சாய்ந்துவிடும். சப்-1ஏ இருக்கும் பயிர் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளும். வளர்ச்சியை நிறுத்தி, சத்தைத் தூரில் பத்திரப்படுத்தி, வடிந்த பிறகு அதைக் கொண்டு துளிர்விடும். வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லில் இதற்கு நேரெதிர். அங்கே ஸ்நார்க்கல் என்று பெயரிட்ட மரபணுக்கள் தண்ணீர் ஏற ஏறத் தண்டை நீட்டிவிடும். மாதக்கணக்கில் ஆழம் நிற்கும் இடத்துக்கு அதுதான் சரி. உங்கள் ஊரில் இரண்டு வாரத்துக்குள் வடியும், அதனால் சப்-1தான் சரி.

முளைக்காமல் போனதற்கு விதையைக் குறை சொல்ல முடியாது. சப்-1ஏ வளர்ந்த பயிரைத்தான் காக்கும், முளைக்கும் விதையைக் காக்காது. தண்ணீருக்கடியில் முளைக்க வேறு மரபணு வேண்டும். மியான்மாரின் காவோ லான் ஆன் என்ற நாட்டு நெல்லில் அப்படி ஒன்று இருப்பதை 2015-ல் விளக்கினார்கள். உங்கள் விதையில் அது இல்லை. எனவே தண்ணீர் கட்டும் பள்ள வயலில் நேரடி விதைப்பு வேண்டாம், நாற்று விட்டு நடுங்கள். நாற்று நன்கு முற்றியதாக இருந்தால் நல்லது. இளம் நாற்று வெள்ளத்தில் சீக்கிரம் போகும். பூக்கும் நேரத்தில் மூழ்கினாலும், அரையடி ஒரு அடித் தண்ணீர் வடியாமல் மாதக்கணக்கில் நின்றாலும் இந்த ரகம் கைகொடுக்காது. வடிகால் வாய்க்காலைப் புரட்டாசியிலேயே தூர்வாரிவிடுங்கள்.

அடுத்த முறை மூழ்கி வடிந்ததும், இலை அழுகியதைப் பார்த்து உழுதுவிட வேண்டாம். ஒரு தூரைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நாற்றமடித்தால் போய்விட்டது. வடிந்த மறுநாளே யூரியாவைக் கொட்டாதீர்கள். புது இலை தெரிந்த பிறகு ஏக்கருக்கு 1 கிலோ ஜிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். பயிர் தேறியதும் 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். வெள்ளத்துக்கு முன்னால் தழைச்சத்து அதிகம் போட்ட வயல்தான் முதலில் சாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விதை தாராளமாக எடுத்து வைக்கலாம். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறும், சப்-1ஏ அடுத்த பட்டத்துக்கும் அப்படியே வரும். வேறு ரக நெல் கலக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சி.ஆர். 1009-ஐயும் இதையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். களத்தில் ஒரு மூட்டை மாறினால் வெள்ளம் வரும் வரை உங்களுக்குத் தெரியவராது. எனவே வயலின் நடுப்பகுதியில் அறுத்துத் தனியாக அடித்து, தனிச் சாக்கில் பெயர் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீல அட்டை உள்ள சான்று விதையை வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.