பக்கத்து வீட்டு அண்ணன் எங்கே போவார்?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் கன்வென்ஷன் கூட்டத்தில் பேசிய தேவ ஊழியர், "கிறிஸ்துவை ஏற்காத எல்லாருக்கும் நரகம்தான்" என்று மைக்கில் முழங்கினார். பக்கத்து வீட்டு அண்ணன் இந்து. மறுநாள் காலை வேலியோரம் நின்று, "அப்போ நான் எங்க டே போவேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. "எல்லா மதமும் ஒன்றுதான் அண்ணே" என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். அது உங்கள் நம்பிக்கை இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். பொய் சொல்லி வாங்கும் சமாதானம் வேலியைத் தாண்டாது.

'எங்கள் வழியே மெய்வழி' என்று சொல்வது கிறிஸ்தவர்கள் மட்டும் கண்டுபிடித்த அகம்பாவமும் இல்லை. தக்கலை பீர்முகமது அப்பா தர்காவுக்குப் போகிறவர் ஓதும் கலிமா, அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்கிறது. நம் சைவர்களும் சளைத்தவர்கள் அல்லர். அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கி, பிற சமயங்களை வரிசையாக நிறுத்தி மறுக்கிறார். 'எல்லாம் ஒன்றே' என்பவர் மட்டும் என்ன, இத்தனை பேரும் அறியாததைத் தான் அறிந்ததாகத்தானே சொல்கிறார்? எதையாவது உண்மை என்று நம்பினால், அதற்கு நேர் எதிரானதை உண்மையல்ல என்றுதான் சொல்லியாக வேண்டும். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

ஆனால் உங்கள் ஊழியர் சொன்னது அது இல்லை. 'கிறிஸ்துவே வழி' என்பது ஒரு சாட்சி. 'நீ நரகத்துக்குப் போவாய்' என்பது தீர்ப்பு. முதலாவதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்லும் வேலையை அவரிடம் யார் ஒப்படைத்தார்கள்?

"நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற யோவான் 14:6-ஐ அவர் கட்டாயம் எடுத்திருப்பார். அது யாரிடம் சொல்லப்பட்டது? இயேசு பிடிபடப்போகும் இரவில், கலங்கிப்போய் உட்கார்ந்திருந்த சீடர்களிடம். 'நீர் போகும் இடமே தெரியாது, வழியை எப்படி அறிவோம்' என்று கேட்ட தோமாவுக்குச் சொன்ன பதில் அது. தன் ஆட்களைத் தேற்றச் சொன்னதை அடுத்த வீட்டுக்காரனை மிரட்ட எடுப்பது நல்ல வாசிப்பு அல்ல. மத்தேயு 25-இல் நியாயத்தீர்ப்புக் காட்சியே வருகிறது. அங்கே கேட்கப்படுவது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் இருந்தவனைப் பார்க்கப் போனாயா என்பது. எந்தச் சபை என்று ஒரு கேள்வியும் இல்லை.

அண்ணன் கேட்டது புதிய கேள்வியும் அல்ல. 1544-இல் நம் கடற்கரையில் முக்குவர் என்ற மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிரான்சிஸ் சவேரியாரிடமே இது கேட்கப்பட்டது. நம் ஊரில் அல்ல, ஜப்பானில். அங்கே மதம் மாறியவர்கள், செத்துப்போன எங்கள் அப்பனும் பாட்டனும் என்ன ஆவார்கள் என்று கேட்டார்கள். நரகத்திலிருந்து அவர்களை மீட்க வழியில்லை என்றார் அவர். அவர்கள் அழுதார்கள். அந்த அழுகையைப் பார்த்துத் தானும் வருந்தியதை 1552-இல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். சவேரியாருக்கு இருந்த அந்த வருத்தமாவது மைக் பிடித்தவரின் குரலில் இருந்ததா?

அவருடைய கத்தோலிக்கத் திருச்சபையும் அந்தப் பதிலோடு நின்றுவிடவில்லை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவரும் மீட்படையலாம் என்றது. அதே சபை 2000-இல், கிறிஸ்துவே ஒரே மீட்பர் என்று மறுபடியும் அழுத்திச் சொன்னது. இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கிறார்கள்.

'அறியாமல்' என்ற நிபந்தனை நம் அண்ணனுக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். நியாயம். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 47 பேர் கிறிஸ்தவர்களாக இருந்த மாவட்டம் நம் கன்னியாகுமரி. வருஷா வருஷம் மைக் செட் வேறு. ஆனால் அவர் காதில் விழுந்தது நற்செய்தியா, மிரட்டலா? மிரட்டல் மட்டுமே விழுந்திருந்தால், அவர் அறியாமல் இருப்பதற்குக் குற்றவாளி யார்?

நீங்கள் சி.எஸ்.ஐ., வத்திக்கான் சொன்னது உங்களைக் கட்டாது. சரி, தாம்பரத்துக்கு வாருங்கள். 1938 டிசம்பரில் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வேதத்தின் வெளிப்பாடு பிற மதங்களின் தொடர்ச்சி அல்ல, முற்றிலும் வேறானது என்று நின்றார் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர். செஞ்சையா, சக்கரை போன்ற இந்தியக் கிறிஸ்தவர்கள் அதை மறுத்து எழுதினார்கள். வழக்கு இன்றுவரை தீரவில்லை. அதைத்தான் உங்கள் ஊர் மேடையில் அரை மணி நேரத்தில் தீர்த்துவைத்திருக்கிறார்கள்!

இன்னொன்று. அந்த நரகக் கணக்கு வேலிக்கு அப்பால் இருப்பவரோடு முடியாது. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவர் இரட்சிக்கப்படவில்லை என்று சொல்லும் சபைகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் கணக்கில், குழந்தையில் தண்ணீர் தெளிக்கப்பட்ட நீங்களும் அண்ணனோடு ஒரே வண்டிதான். பரலோகத்துக்கு ஒரே வழி என்று அடித்துச் சொல்கிற நம் ஆட்களே, மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது 'கிறிஸ்தவ நாடார், சி.எஸ்.ஐ.' என்று விளம்பரம் கொடுப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கிறிஸ்து ஒருவரே போதும் என்பதை முதலில் அங்கே காட்டட்டும்.

இதை வெறும் வேதாந்தச் சண்டை என்று ஒதுக்கவும் முடியாது. 1982-இல் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரமும், துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்ததும் இங்கே ஐம்பது வயது தாண்டிய எல்லாருக்கும் நினைவிருக்கிறது. நாலு நாள் பேசிவிட்டு ஊழியர் பஸ் ஏறிவிடுவார். அண்ணனோடு குடியிருக்கப்போவது நீங்கள்.

அண்ணனிடம் போய் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, நான் இயேசு வழியாத்தான் கடவுளைக் கண்டேன், அதை மறைக்க மாட்டேன். நீங்க எங்க போவீங்கன்னு சொல்லுகது எனக்க வேலை இல்ல." அவர் வாதாட வந்தால் வாதாடுங்கள், தப்பே இல்லை. அப்புறம், அடுத்த கன்வென்ஷனுக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் கமிட்டியைப் பார்த்து, இந்தப் பேச்சுக்குத்தான் நன்கொடை வாங்கினீர்களா என்று கேளுங்கள். ரசீது உங்களிடம் இருக்குமே.