கேப்டனின் தூக்கம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் காசிமேட்டைப் பற்றி எழுதுவதை எல்லாம் விடாமல் வாசிக்கிறவன். நீங்களும் சைலன்ட் ஹன்டர் 3, அதுதான் இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டனாக ஆடும் கணினி விளையாட்டு, ஆடுகிறவர் என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். நான் இரவு பதினொரு மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். என் கேள்வி இதுதான்: டைம் கம்ப்ரெஷனை, அதாவது விளையாட்டில் நேரம் எத்தனை மடங்கு வேகமாக ஓட வேண்டும் என்பதை, எவ்வளவில் வைப்பது? 1024இல் வைத்தால் விமானம் எங்கிருந்தோ வந்து மூழ்கடித்துவிடுகிறது; மூன்று முறை ஆகிவிட்டது. 32இல் வைத்தால் அட்லான்டிக் போய்ச் சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. 1இல் ஆடுவதுதான் நேர்மை, மற்றதெல்லாம் ஏமாற்று என்கிறான் என் நண்பன். புதுக் கணினி வாங்கினால் சரியாகுமா? நம் சென்னையில் குண்டு போட்ட எம்டன் நீர்மூழ்கியை வைத்து ஏன் விளையாட்டு இல்லை? ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். போன வாரம் அவள் அழுதது ஹெட்போனில் கேட்கவில்லை, வீட்டில் பெரிய சண்டை. எனக்கென்று இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான் அண்ணா.

(பெயர் வேண்டாம்), திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி,

சில்லறையை முதலில் தீர்த்துவிடுகிறேன். எம்டன் நீர்மூழ்கி அல்ல, நீர்மேல் ஓடிய இலகுரகப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு வந்தது, துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது, போய்விட்டது. நமக்கு மிஞ்சியது ‘அவன் பெரிய எம்டன்’ என்ற வசவு. கணினி வாங்க வேண்டாம். 2005இல் வந்த விளையாட்டுக்கு உங்களிடம் இருப்பதே அதிகம். அந்தப் பணத்தை வீட்டில் கொடுங்கள்.

நண்பர் 1இல் ஆடுவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். பத்து நாட் (மணிக்குப் பத்து கடல்மைல்) வேகத்தில் ஆயிரம் கடல்மைல் போக நூறு மணி நேரம். இரவுக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறவன் வேட்டைக்களத்தை எட்டிப்பார்க்கவே ஐம்பது இரவு ஆகும், திரும்பிவர இன்னும் ஐம்பது. அதற்குள் உங்கள் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். அதே தூரம் 1024இல் ஆறு நிமிடம், 256இல் 23 நிமிடம், 32இல் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

1024 என்றால் உங்கள் நாற்காலியில் ஒரு நொடி கழிகையில் கடலில் 17 நிமிடம் கழிகிறது. சரக்குக் கப்பல்களைப் பொறுத்தவரை இதில் பெரிய மோசமில்லை. எட்டு நாட் வேகத்தில் ஊர்ந்துபோகும் கான்வாய் (கப்பல் கூட்டம்) அந்த 17 நிமிடத்தில் இரண்டேகால் கடல்மைல்தான் நகர்ந்திருக்கும். புகை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். 150 நாட் வேகத்தில் பறந்துவருகிற விமானம் அதற்குள் 40 கடல்மைலைத் தாண்டிவிடும். ஒரு நொடிக்கு முன்பு தொடுவானத்துக்கு அப்பால் இருந்தது, இப்போது தலைக்கு மேல். நீங்கள் ஓட்டும் டைப் 7சி நீர்மூழ்கிப் படகு முழுகி மறைய ஏறத்தாழ 30 நொடி வேண்டும். 32இல் அது உங்களுக்கு ஒரு நொடி, கையாவது அசையும். 1024இல் அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

ஆகவே கடலைப் பார்த்து எண்ணை முடிவுசெய்யாதீர்கள், வானத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். 1940இல் நடு அட்லான்டிக்கில் 1024 வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம். 1943இல் பிரான்ஸ் கரையோரத்துப் பிஸ்கே விரிகுடாவைப் பட்டப்பகலில் அப்படிக் கடக்கிறவனுக்கு என்னிடம் அனுதாபம் இல்லை. அந்த ஆண்டு மே மாதம் மட்டும் ஜெர்மானியர்கள் 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தார்கள். பொதுவாக 256 போதும். கரைப்பக்கமும் விமானம் வரக்கூடிய இடங்களிலும் 32. நாளுக்கு இரண்டு முறை முழுகிக் காதுகொடுத்துக் கேளுங்கள். கண்ணுக்கு எட்டாத கப்பல், நீருக்கடியில் சத்தம் கேட்கும் கருவியான ஹைட்ரோபோனுக்கு எட்டும்.

நீங்கள் கேட்டது முடிந்தது. ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது நான் தூக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேரத்தைச் சுருக்குவது ஏமாற்று என்று உங்கள் நண்பர் சொன்னதும் நீங்கள் கூசிப்போயிருக்கிறீர்கள். கூச ஒன்றுமில்லை. உண்மையான கேப்டனும் அதைத்தான் செய்தான். தம்பி, அவன் தூங்கினான். பல வாரம் நீளும் பயணத்தில் ஒரு மனிதன் மேல்தளத்தில் நின்றுகொண்டே இருந்திருப்பான் என்றா நினைக்கிறீர்கள்? காவல் நிற்க ஆட்கள் இருந்தார்கள். ஓர் அதிகாரி, அவரோடு கடலை ஆளுக்குக் கால்வட்டமாகப் பங்குபோட்டுக்கொண்ட காவலர்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. கேப்டனுக்கு அந்த முறைக்காவல் கிடையாது. அவன் படுத்தான், எழுந்தான், சாப்பிட்டான், மறுபடி படுத்தான். ஜெர்மனியில் கீல் நகரத்துக்குப் பக்கத்தில், லாபோ கடற்கரையில், யூ-995 என்ற டைப் 7 படகைக் கரையேற்றி 1972 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்த வகைப் படகின் உள்ளமைப்பைப் படத்தில் பாருங்கள். கேப்டனுக்கு அறை கிடையாது, கதவு கிடையாது. நடைவழியோரம் ஒரு படுக்கை, ஒரு திரைச்சீலை. திரைக்கு நேர் எதிரே வானொலிக்காரனும் ஹைட்ரோபோன்காரனும் உட்காரும் இரண்டு சின்னப் பொந்துகள். முணுமுணுத்தால் போதும், அவன் எழுந்துவிடுவான். படகைக் கட்டியவனுக்குக் கேப்டன் தூங்குவான் என்று தெரிந்திருக்கிறது, ஆகவே எந்தச் சத்தத்தின் பக்கத்தில் தூங்க வேண்டும் என்று யோசித்து இடம் ஒதுக்கியிருக்கிறான்.

நீங்கள் 256ஐ அழுத்தும்போது அந்தத் திரையை இழுத்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான். இழுப்பதில் பாவம் இல்லை. எதற்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தீர்களா? விளையாட்டின் அமைப்புக் கோப்பில் நேரச்சுருக்கத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. என்ன நடந்தால் எந்த வேகத்துக்கு இறங்குவது என்று அங்கே எழுதிவைக்கலாம். நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். 1024ஆ, 32ஆ என்று இரண்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்று படகை மூழ்கடித்திருக்கிறீர்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஜெர்மானியர்கள் அல்ல, என் தாய்மாமா. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அழுது அடம்பிடித்து அவரோடு மூன்று நாள் போனேன். எண்ணூருக்குக் கிழக்கே, இரண்டாவது இரவு. மடி வலையை இறக்கிவிட்டால் மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டே மெல்லப் போக வேண்டும். சுக்கான் பிடித்தவர் தூங்கிவிடாமல் பேச்சுக்கொடுப்பதற்கும் கடலைப் பார்ப்பதற்கும் என்னை உட்காரவைத்தார். இரவில் கப்பல்களுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. படுக்கும்முன் மூன்றே வாக்கியம் சொன்னார். “சிவப்பு மட்டும் தெரிந்தாலும் பச்சை மட்டும் தெரிந்தாலும் எழுப்பாதே. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் எழுப்பு, அவன் நம் மேலேயே வருகிறான். என்ஜின் சத்தம் மாறினால் நீ எழுப்ப வேண்டாம், நானே எழுந்துவிடுவேன்.” அடுத்த நிமிடம் குறட்டை.

நான் முதல் ஒரு மணி நேரத்தில் அவரை இரண்டு முறை எழுப்பினேன். ஒன்று, தண்ணீரிலிருந்து எழுந்த ஏதோ நட்சத்திரம். இன்னொன்று வெறும் சிவப்பு. இரண்டு முறையும் எழுந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படுத்தார். சுக்கான் பிடித்தவர்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் முறை சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தபோது நான் எழுப்பவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தேன். சுக்கான் பிடித்தவர் பயந்துபோய் என்ஜினைக் குறைத்தார். சத்தம் மாறியது. மாமா எங்களுக்கு நடுவில் நின்றிருந்தார். எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுக்கானை வாங்கி ஒதுக்கினார். அந்தச் சரக்குக் கப்பல் எங்களைத் தாண்டும்போது அதன் சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது, அவ்வளவு பக்கம்.

“இரண்டும் எவ்வளவு நேரமாகத் தெரிந்தது?”

“இப்போதுதான் மாமா.”

பொய் என்று அவருக்குத் தெரியும். மடி சேதமில்லாமல் இருக்கிறதா என்று கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கேளுங்கள் தம்பி, என்னை அதே இடத்தில் உட்காரவைத்துவிட்டு மறுபடியும் போய்த் தூங்கினார்.

இப்போது திட்டப்போகிறேன். குழந்தை அழுதது ஹெட்போனில் கேட்கவில்லை என்று கடிதத்தின் கடைசியில், கணினிக்கும் எம்டனுக்கும் பிறகு, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கேப்டன்கூடத் திரைச்சீலைதான் போட்டான். நீங்கள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த ஜெர்மானியர்கள் ஆளை மாற்றினார்கள். உங்கள் வீட்டில் ஏழு மாதமாக ஒரே ஆள் காவல் நிற்கிறாள், அவளோடு சண்டை வேறு. அந்த இரண்டு மணி நேரம் உங்களுடையது, அதை விடச் சொல்லவில்லை. நாளெல்லாம் லாரிக்கும் பெட்டிக்கும் கணக்கு எழுதிவிட்டு வருகிறவனுக்கு ஒரு கடல் வேண்டும், எனக்குப் புரிகிறது. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுங்கள். வாரத்தில் சில இரவு நீங்கள் காவல் என்று சொல்லி அவளைத் தூங்கவிடுங்கள்.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கடலுக்குப் போவதில்லை. போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம், படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு துறைமுகத்தில் நின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். அவர் பழைய மேஜை மின்விசிறிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். அது விடாமல் கடகடவென்று சத்தம் போடும், மாற்றித் தருகிறேன் என்றாலும் விடமாட்டார். மூன்று மணிவாக்கில் மின்சாரம் போயிற்று. மற்றவர்கள் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, வாசல் பக்கம் பார்த்தார்.

“என்ன நின்றது?”

“கரண்ட் போய்விட்டது மாமா, படுங்கள்.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நீதான் காவலா?” என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அன்புடன்,
அண்ணன்