பழைய காடையோடு புதுக் காடை சேருமா?

கேள்வி: அக்கா, மொட்டை மாடியில் ஒரு மரக்கூண்டில் 8 காடை வளர்க்கிறேன். 6 பெட்டை, 2 ஆண். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கட்டும் என்றுதான். போன வாரம் சந்தையில் இன்னும் 2 பெட்டை வாங்கிவந்து கூண்டுக்குள் விட்டேன். அரை மணி நேரத்தில் ஒன்றுக்கு மண்டைத் தோல் உரிந்து ரத்தம். இன்னொன்று மூலையில் தலையைச் சொருகிக்கொண்டு அசையவே இல்லை. இரண்டையும் அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா வீட்டில் எத்தனையோ கோழி வளர்த்திருக்கிறோம், இப்படிப் பார்த்ததில்லை. திரும்ப எப்படிச் சேர்ப்பது?
— ஒட்டன்சத்திரம் வாசகி

பதில்: சேர்ப்பதை அப்புறம் பார்க்கலாம் தாயி, முதலில் மண்டையைக் கவனியுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் தடவுங்கள். காயம் காய ஆரம்பித்ததும் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடலாம். பெட்டியின் மேல் கொசுவலைத் துணி கட்டி ஈ உட்காராமல் பாருங்கள். காயத்தைவிட ஈ வைக்கும் புழுதான் பொல்லாதது. காடைக்கு மண்டைத் தோல் நன்றாகவே மூடும், சில வாரத்தில் இறகும் முளைக்கும். கண்ணில் கொத்து விழுந்திருந்தாலோ, தீனி தொடவில்லை என்றாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கோழியை வைத்துக் காடையைக் கணக்குப் போடக்கூடாது. புதுக்கோழி வந்தால் இரண்டு நாள் துரத்தும், தோற்றது ஓடிப்போய் வைக்கோல் போருக்குப் பின்னால் நிற்கும், அதோடு சண்டை முடியும். காடையும் அப்படித்தான் ஓடி ஒளியப் பார்க்கும். வயக்காட்டில் என்றால் புல்லுக்குள் புகுந்துவிடும். உங்கள் கூண்டில் அது எங்கே ஓடும்? தோற்றுவிட்டேன் என்று காட்ட இடமே இல்லாததால் ஜெயித்தது கொத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் தெரிந்ததும், அதுவரை சும்மா இருந்தவையும் வந்து சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். புதுக் காடையைப் பழைய கூண்டில் விடாதீர்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து, இரண்டுக்கும் தெரியாத ஓர் இடத்தில் விடுங்கள். "இது என் இடம்" என்று சொல்ல அங்கே யாருக்கும் உரிமை இருக்காது. இன்னொரு கூண்டு இல்லையென்றால் இருப்பதையே மாற்றலாம். பழைய உமியை ஒரு கைப்பிடி கூட மிச்சமில்லாமல் வாரிக் கொட்டுங்கள். கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்துப் புது உமி பரப்புங்கள். தீனித் தட்டு, தண்ணீர்க் குவளை, மணல் தொட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். முடிந்தால் கூண்டையே மாடியின் வேறு பக்கம் திருப்பி வையுங்கள்.

அதற்கு முன்னால் பிரித்து வைக்கும் காலம் ஒன்று இருக்கிறது. சந்தையில் வாங்கியது என்கிறீர்கள். அங்கே பத்து வீட்டுக் கோழியும் காடையும் ஒரே கூடையில் இருந்திருக்கும். குறைந்தது 3 வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். மூக்கில் நீர், முகத்தில் வீக்கம், தும்மல், தண்ணீராக வெள்ளைக் கழிச்சல், இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிவது, இதில் எது இருந்தாலும் சேர்க்கும் பேச்சே வேண்டாம். காடையை அதிகம் தாக்கும் ஒரு குடல்புண் நோய் உண்டு, கழிச்சல் வழியாகப் பரவி ஒரு கூண்டையே காலி செய்துவிடும். தினமும் பழையதுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியில் புதுசிடம் போங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். ஒரே குவளையை இரண்டுக்கும் மாற்றி மாற்றி வைத்தால் பிரித்து வைத்ததற்கே அர்த்தமில்லை.

இந்த 3 வாரத்தில் வாங்கியது இரண்டும் உண்மையிலேயே பெட்டைதானா என்று பார்த்துவிடுங்கள். ஆணுக்கு மார்பு ஒரே செம்பழுப்பாக இருக்கும். பெட்டைக்குச் சாம்பல் கலந்த மார்பில் கறுப்புப் புள்ளி. வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் எடுபடாது. அப்போது வாலைத் தூக்கி, கழிவுத் துவாரத்துக்கு மேலே இருக்கும் மேட்டை லேசாக அழுத்துங்கள். வெள்ளை நுரை வந்தால் வளர்ந்த ஆண். சந்தையில் பெட்டை என்று சொல்லி ஆணைத் தள்ளிவிடுவது புதிதல்ல, மூன்றாவது ஆண் உள்ளே போனால் உங்கள் கூண்டு போர்க்களம்தான்.

சரி, 3 வாரம் முடிந்தது, நோய் இல்லை. இனி ஒரு வாரம் நடுவில் கம்பி வலை அடித்து இரண்டு பக்கமும் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், கேட்கட்டும், கொத்த முடியாமல் இருக்கட்டும். வலைக் கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பெரிய கண்ணில் தலையை விட்டுக்கொள்ளும். தீனித் தட்டை வலைக்கு இருபுறமும் ஒட்டி வைத்தால் பக்கத்தில் நின்று தின்னப் பழகும். ஆரம்பத்தில் வலையை ஒட்டி முறைத்துக்கொண்டு நடக்கும். அந்த நடை நின்று, வலையோரமாகவே படுத்துத் தூங்க ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சேர்க்கும் நாளில் இரண்டு ஆண்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். புதுப் பெட்டையைக் கண்டால் ஆண் சும்மா இருக்காது, தலை இறகைக் கவ்வி மேலே ஏறும், இரண்டு ஆண் மாற்றி மாற்றி ஏறினால் மண்டையில் இறகு மிஞ்சாது. பெட்டைகள் தங்களுக்குள் ஒத்துப்போன பிறகு ஓர் ஆணை மட்டும் விடுங்கள். 8 பெட்டை இருக்கிற வீட்டுக் கூண்டில், முட்டை தின்ன மட்டும் என்றால் ஆணே தேவையில்லை, ஆண் இல்லாமலே பெட்டை முட்டையிடும். ஜப்பானில் இந்தக் காடையை முதலில் வளர்த்ததே ஆணின் கூவலுக்காகத்தானாம், முட்டை எல்லாம் பிற்பாடு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ரசனை இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும் நேரத்தில் விடுங்கள். இருட்டில் காடை நடமாடாது, ராத்திரி முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். மறுநாள் விடியும்போது நீங்கள் கூண்டருகில் இருக்க வேண்டும், அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். துரத்தல், ஒரு கொத்து, எகிறல் இதெல்லாம் இருக்கும், விட்டுவிடுங்கள். ஒன்றையே குறிவைத்து, அது படுத்த பிறகும் மண்டையில் கொத்தினால் கொத்துகிறதை எடுங்கள். கொத்து வாங்கியதை எடுத்தால் அது மறுபடி புதுசாகத்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். முரட்டுக் காடையை நாலைந்து நாள் தனியாக வைத்துவிட்டு விட்டால், இப்போது அதுதான் புதுசு, பாதித் திமிர் போயிருக்கும்.

ஒளிய இடம் கொடுங்கள் என்று தனியாகவே எழுத வேண்டும். தென்னை ஓலைத் துண்டு, ஒரு பக்கம் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்தது, இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை, எதுவானாலும் சரி. ஆனால் எதற்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் உள்ள பொந்து காடைக்குப் பொறி. தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. மிரண்டால் காடை நேர் மேலே எகிறும், கூண்டு மூடி மரப்பலகை என்றால் உள்பக்கம் சாக்கோ துணியோ அடித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் பழைய பெட்டைகள் சில நாள் முட்டையை நிறுத்திவிடும். தீனியை மாற்றாதீர்கள், டானிக் ஊற்றாதீர்கள், தானாகத் திரும்பும்.

இன்னொன்று. இரண்டு வாங்கியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். எட்டும் சேர்ந்து இரண்டைத்தான் குறிவைக்கும். நாலைந்தாகச் சேர்த்தால் கொத்து பிரிந்து விழும். ஒற்றைக் காடையைக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது. இரக்கப்பட்டு ஒன்று மட்டும் வாங்கிவருகிறவர்கள் அதற்குத் தனிக் கூண்டும் சேர்த்தே வாங்கட்டும்.

கேள்வி: நானே குஞ்சு பொரித்து வளர்க்கிறேன். நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. பொரிப்பு குறைந்துகொண்டே வருகிறது. வெளியிலிருந்து ஆண் கொண்டுவரச் சொல்கிறார்கள். இருக்கும் ஆண்களோடு எப்படிப் பழக்குவது?
— ராசிபுரம் வாசகர்

பதில்: பழக்கவே வேண்டாம். பழைய ஆண்களை முழுதாக எடுத்துவிடுங்கள். அண்ணன் தங்கை இணைவதால் வரும் கேட்டைக் காடை மற்றக் கோழியினங்களைவிடச் சீக்கிரம் காட்டிவிடும். முதலில் அடிபடுவது பொரிப்புதான். உங்களுக்கு நாமக்கல் பக்கம்தானே, அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கேட்டு வாங்கலாம். சந்தைக் காடைக்கு யார் அப்பன் என்று யாருக்குத் தெரியும்?

பிரித்து வைக்கும் 3 வாரம் ஆணுக்கும் உண்டு. அதன்பின் புது ஆணைத் தனிக் கூண்டில் சில நாள் குடிவைத்துவிட்டு, ஆண் ஒன்றுக்கு மூன்று பெட்டை வீதம் பெட்டைகளை அதனிடம் கொண்டுபோய் விடுங்கள். ஆணைப் பெட்டைகளின் கூண்டுக்குக் கொண்டுபோனால் பெட்டைகளே சேர்ந்து அடிக்கும். காடையில் பெட்டைதான் எடை கூட, மறந்துவிடாதீர்கள். பழைய ஆணை எடுத்த பிறகும் பெட்டையின் உடம்பில் அதன் விந்து சில நாள் உயிரோடு இருக்கும். ஆகவே முதல் 2 வார முட்டையைப் பொரிப்பானில் வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 3 வாரக் குஞ்சுகளைப் பெரிய காடைகளோடு விடலாமா?
— தாராபுரம் வாசகி

பதில்: கூடாது. 6 வாரம் ஆகட்டும், பெரியதன் எடைக்கு வரட்டும். கொத்து ஒரு பக்கம் இருக்க, முட்டைக் காடைத் தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளரும் குஞ்சின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

கேள்வி: எங்கள் கொள்ளுக் காட்டில் மழைக்குப் பிறகு காடை நிறைய. நாலு பிடித்துக் கூண்டுக் காடையோடு சேர்த்தால் ரகம் கெட்டியாகும் என்கிறார் மாமா.
— பல்லடம் வாசகர்

பதில்: மாமாவிடம் சொல்லுங்கள், காட்டுக் காடையைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை, 1974இல் உத்தரப்பிரதேசத்து இசட்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து அங்கிருந்து நாடெங்கும் பரவியது. உங்கள் காட்டில் கத்துவது வேறு இனம். ஆணுக்கு மார்பில் கறுப்புத் திட்டு இருந்தால் அது மழைக் காடை. கூண்டில் அடைத்தால் மேலே முட்டி முட்டியே மண்டை உடைந்து செத்துப்போகலாம், அதுவரை இருப்பவற்றையும் மிரட்டும். அவை கொள்ளுக் காட்டிலேயே இருக்கட்டும். அறுவடையின்போது கூடு கண்ணில் பட்டால் அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.